நாலு பேருக்கு ஒரு தலையணை

"நாலு பேருக்கும் சேத்து ஒரே தலையணையாக் குடுங்க."

மெத்தைக் கடையில் உறை பார்த்துக்கொண்டு நின்றபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல் இது. திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எதிரே விற்பனைக்கு நின்ற பீரோவின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். வேட்டி கட்டிய நாலு பேர். நாலு பேர் தோளிலும் ஒரே நிறத்தில் துண்டு.

"நாலு தலையணையா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"நாலு எதுக்குவே? ஒண்ணு. நாலு பேருக்கு."

கடைக்காரர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். நாலு பேரும் அங்கேயே நின்றார்கள்.

அன்றைக்கு நான் உறை வாங்காமலே வந்துவிட்டேன். என்னோடு படித்த ஒருத்திக்கு அவர்கள் ஊர்தான், நெடுங்கரை. மிச்சக் கதையை அவள் சொன்னாள். கூட்டிச் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. குறைத்துத்தான் சொல்லியிருப்பாள்.

நெடுங்கரைப் பெருமாள் பள்ளிகொண்ட பெருமாள். வலது கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பாம்பின்மேல் சாய்ந்திருப்பார். அவர் எழுந்து வருவதில்லை. திருவிழாவுக்கு உற்சவர்தான் வெளியே வந்து நாலு வீதியும் சுற்றுவார். அவர் ஏறி வருவது தோளுக்கினியான். பல்லக்கு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் நீளமாகத் தண்டு, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். தோளுக்கினியான் என்று பெயர் வைத்தவர் ஒருநாளும் அதைத் தூக்கியிருக்க மாட்டார் என்று ஊரில் பேச்சு.

தூக்குகிறவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். முன்னால் வலப்பக்கம் வைத்தமாநிதி. வயதில் மூத்தவர், குரல் கொடுப்பவர். முன்னால் இடப்பக்கம் பொலிந்துநின்றான். பின்னால் வானமாமலையும் குழைக்காதனும். வானமாமலை பேருக்கு ஏற்ற நெட்டை. குழைக்காதன் அவன் நெஞ்சு உயரம். ஆனால் யோசனை சொல்வதெல்லாம் குழைக்காதன்தான்.

பல்லக்கு சாயக்கூடாது. சாயாமல் இருக்க நாலு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். அதற்காகக் குழைக்காதன் துண்டை மடித்து மடித்துத் தோளில் கனமாகப் போட்டுக்கொள்வான். வானமாமலை முழங்காலை மடக்கியே நடப்பான். தோள் வலித்தால் தன் பாட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் கூடாது. மாநிதி "தோள் மாத்து!" என்று குரல் கொடுப்பார். நாலு பேரும் ஒரே அசைவில் தோள் மாற்றுவார்கள். பெருமாளின் மாலை ஆடாது.

இதுவரைக்கும் சரி. சிக்கல் என்னவென்றால், பல்லக்கை இறக்கிவைத்த பிறகும் அவர்கள் சமமாகவே இருந்தார்கள். ஒருவர் முடி வெட்டினால் நாலு பேரும் வெட்டினார்கள். ஒருவர் இன்னொரு தோசை கேட்டால் மற்ற மூவரும் பசி இல்லாமலேயே கேட்டார்கள், எடை மாறிவிடக் கூடாதே என்று. ஒருமுறை குழைக்காதன் காலில் முள் ஏறியபோது நாலு பேரும் அது ஆறும்வரை நொண்டினார்கள். வானமாமலைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஊரே கவலைப்பட்டது. நல்லவேளை, மற்ற மூவருக்கும் ஏற்கெனவே ஆகியிருந்தது.

அந்த வருஷம் திருவிழா நெருங்குகிற சமயத்தில் பொலிந்துநின்றானுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தலை வலப்பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. தோளும் சேர்ந்து வலித்தது. இடப்பக்கம் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் முழுசாகச் சுற்றவேண்டும். இடப்பக்கத்து வீட்டுக்காரர், இவன் முகம் கொடுக்கவில்லை என்று பேச்சையே நிறுத்திவிட்டார்.

கோயில் தர்மகர்த்தா வந்து பார்த்தார்.

"திருவிழாவுக்குள்ள இது நேராகணும். இல்லைன்னா பக்கத்தூரு மேலக்கரை ஆளுகளத்தான் கூப்பிடப் போறேன்."

"பொலிந்துக்குப் பதிலா ஒரு ஆளா?" என்று கேட்டார் மாநிதி.

"உங்க நாலு பேருக்கும் பதிலா நாலு பேரு. ஒரு ஆள மட்டும் மாத்தினா நீங்க தூக்குவியளா?"

"அது எப்பிடித் தூக்க?"

"அதான் சொல்லுதேன். தண்டு ஒரு தடவ அவங்க தோளுக்குப் போச்சுன்னா திரும்பி வராது. பாத்துக்கிடுங்க."

பொலிந்துநின்றானுக்கு முகம் செத்துப்போனது. அவன் வைத்த வாழை சாயும். அவன் கட்டிய கொட்டகை சாயும். அவன் நிறுத்திய சைக்கிள்கூடச் சாயும். இதுவரைக்கும் அவன் கைபட்டுச் சாயாத ஒரே பொருள் அந்தப் பல்லக்குதான்.

நாலு பேரும் டவுனுக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

"யாருக்கு வலி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்களுக்கு," என்றார் மாநிதி.

டாக்டரம்மா பொலிந்துநின்றானின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, படுக்கிற விதம் சரியில்லை என்றார். வீட்டில் என்ன தலையணை என்று விசாரித்தார். பழைய சேலையைச் சுருட்டி வைத்துக்கொள்வதாகப் பொலிந்துநின்றான் சொன்னான்.

"நல்ல தலையணை பாத்து வாங்குங்க. ஒருக்களிச்சுப் படுக்கும்போது காதுக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குல்ல? அதைத் தலையணை நிரப்பணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கழுத்து முதுகோட நேரா இருக்கணும். ஒரே பக்கமாப் படுக்காதீங்க, மாத்தி மாத்திப் படுங்க. கடையிலேயே படுத்துப் பாத்து வாங்குங்க. அப்புறம், நல்லாத் தூங்குறப்ப யாரும் எழுப்பிடாதீங்க. தூக்கம்தான் மருந்து."

"நாலு பேருக்கும் இதே வைத்தியம்தானா?" என்றான் குழைக்காதன்.

"யாரா இருந்தாலும் இதுதாங்க," என்றார் டாக்டரம்மா, கதவைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் அளவெடுத்தார்கள். தென்னை ஈர்க்கு ஒன்றை ஒவ்வொருவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே நிறுத்தி ஒடித்தார்கள். நாலு துண்டு ஈர்க்கும் நாலு நீளம். வானமாமலையுடையது பென்சில் மாதிரி இருந்தது. குழைக்காதனுடையது தீக்குச்சி.

"இதுல எந்த அளவுக்கு வாங்குதது?" என்றான் பொலிந்துநின்றான்.

"வலி உனக்கு. உன் அளவுக்கு வாங்குவோம்," என்றான் வானமாமலை.

மாநிதி அவனை முறைத்தார். "அவன் தலை ஒரு உசரத்துல கெடக்கும், நம்ம தலை ஒரு உசரத்துல கெடக்கும். விடிஞ்சு எந்திரிச்சா பல்லக்கு எப்பிடிவே நேரா நிக்கும்?"

வானமாமலைக்கு இது தோன்றாமல் போனதில் வெட்கமாகிவிட்டது.

நாலு ஈர்க்கையும் சேர்த்து அளந்து, நாலாக வகுத்து, ஒரு புது ஈர்க்கு ஒடித்தார்கள். அது நாலு பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. அதனால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அந்த ஈர்க்கோடுதான் அவர்கள் மெத்தைக் கடைக்கு வந்தார்கள்.

கடைக்காரர் முதலில் இலவம்பஞ்சுத் தலையணை காட்டினார். பிறகு ரப்பர். பிறகு, கழுத்துக்கென்றே நடுவில் பள்ளம் வைத்த ஒன்றை எடுத்துத் தட்டினார்.

"இது மெமரி ஃபோம் அண்ணாச்சி. படுக்குறவங்க தலை எப்படி இருக்கோ அதை அப்படியே ஞாபகம் வச்சுக்கும்."

நாலு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"எங்களுக்கு முன்னால இதுல யாரு படுத்தா?" என்று கேட்டான் குழைக்காதன்.

"யாரு யாரோ படுத்துப் பாத்திருப்பாங்க."

"அவங்க தலையெல்லாம் இதுக்குள்ள இருக்கா?"

"கெட்ட எண்ணம் உள்ள தலை ஏதாவது இருந்தா?" என்றான் வானமாமலை.

அந்தத் தலையணை உள்ளே போயிற்று. படுத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், காட்சிக்குப் போட்டிருந்த பெரிய கட்டிலில் நாலு பேரும் வரிசையாக ஒருக்களித்துப் படுத்தார்கள். கழுத்து முதுகோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க மாநிதி மடியிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை எடுத்தார். பல்லக்குக்கு வைத்துப் பார்ப்பது. பொலிந்துநின்றான் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், தோளில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வரவே இல்லை.

"மூச்சு விடாதவே. மூச்சு விட்டா ஓடுது."

இதற்குள் கடைக்கு வந்த ஒரு தம்பதி கட்டிலருகே நின்றார்கள். குழைக்காதன் வாயைத் திறந்தபடி தூங்கியிருந்தான். அந்த அம்மாள் கணவரிடம், "பாத்தீங்களா, எவ்வளவு நல்லாத் தூங்குறாரு. இதையே எடுத்துருவோம்," என்றாள். கடைக்காரர் நாலு பேரையும் கொஞ்ச நேரம் எழுப்பவில்லை.

கடைசியில், நாலு பேருக்கு ஒரே தலையணை என்றால் தைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

"தண்டு நீளம்," என்றார் மாநிதி.

தலையணை பேருந்துக்குள் நுழையவில்லை. நாலு பேரும் அதைத் தோளில் வைத்து நெடுங்கரைக்கு நடந்தே போனார்கள். வழியில் இரண்டு இடத்தில் தோள் மாற்றினார்கள். எதிரே வந்த ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அடுத்த நாள் மதியம் கோயில் நடை சாத்திய பிறகு, மண்டபத்தில் அந்த நீளத் தலையணையைப் போட்டுப் படுத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாநிதி "தோள் மாத்து!" என்பார். நாலு பேரும் ஒரே அசைவில் புரண்டு அடுத்த பக்கம் படுப்பார்கள். மண்டபத்துப் புறாக்கள் ஒவ்வொரு தடவையும் எழும்பிப் பறந்து, திரும்ப வந்து உட்கார்ந்தன.

"அண்ணாச்சி, தூங்கிட்டீரா?" என்றான் பொலிந்துநின்றான்.

"நான் தூங்கிட்டா தோள் மாத்துன்னு யாருவே சொல்லுதது? முழிச்சுத்தான் கெடக்கேன்."

"நீரு மட்டும் முழிச்சுக் கெடந்தா சாஞ்சிருமே," என்றான் குழைக்காதன். "அதான் நானும் முழிச்சுக் கெடக்கேன்."

"நானும்," என்றான் பொலிந்துநின்றான்.

புறாக்கள் இன்னொரு தடவை பறந்து வந்து உட்கார்ந்தன.

"நான் ஒரு நிமிசம் தூங்கிட்டேன்," என்றான் வானமாமலை.

மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள். வானமாமலை தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்குப் போனால் மட்டம் கெட்டுவிடும் என்று அன்றிலிருந்து இரவும் பகலும் மண்டபத்திலேயே படுத்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை. அளவு ஒருவருக்கும் பொருந்தாத தலையணை வேறு. திருவிழாக் கொடி ஏறுகிற அன்று காலையில் பார்த்தால் நாலு பேர் கழுத்தும் வலப்பக்கம் திரும்பி நின்றுவிட்டது.

மாநிதி மற்ற மூவர் கழுத்தையும் தடவிப் பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா. சமமாயிட்டு."

தர்மகர்த்தா மண்டபத்துக்குள் வந்தார். நாலு தலையும் வலப்பக்கம் பார்ப்பதைக் கண்டு, அங்கே என்ன என்று அவரும் பார்த்தார். தூண்தான் இருந்தது. விஷயம் தெரிந்ததும் தூணிலேயே சாய்ந்துகொண்டார்.

"மேலக்கரை ஆளுகளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். சாயங்காலம் கூடவே வருவாவ. பெருமாள் ஒரு விரக்கடை சாஞ்சாருன்னா அந்த இடத்துலயே தண்டு கை மாறிரும்."

அவர் போனதும் பொலிந்துநின்றானின் மனைவி சுந்தரவல்லி மோர்ச் செம்போடு வந்தாள். நாலு பேரும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பெருமாளுக்கு மட்டும் ஏன் கழுத்து வலிக்கல?" என்று கேட்டான் பொலிந்துநின்றான். "யுகயுகமா ஒரே பக்கமாத்தான படுத்திருக்காரு. தலையணை கூடக் கெடையாது. கைதான்."

"அவரு தனியாப் படுத்திருக்காரு. யாரோட சமம் பாக்கணும்?" என்றார் மாநிதி.

"அதும் சரிதான்."

"நீங்களும் தனித்தனியாத்தான் படுத்துப் பாருங்களேன்," என்றாள் சுந்தரவல்லி. "கோட்டிக்காரத்தனமா இருக்கு. நாலு வீட்டுலயும் நாலு பாய் சும்மா கெடக்கு. இவுக முகத்தப் பாத்து எத்தன நாளாச்சு? முகம் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கு."

நாலு பேரும் அவளை இரக்கத்தோடு பார்க்க முயன்றார்கள். அவள் இடப்பக்கம் நின்றதால் முடியவில்லை.

குழைக்காதன் திடீரென்று கையை உயர்த்தினான்.

"டாக்டரம்மா தலையணை எங்க இருக்கணும்னு சொன்னாவ?"

"காதுக்கும் தோளுக்கும் நடுவுல," என்றார் மாநிதி.

"நமக்குக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"கழுத்து," என்றான் வானமாமலை.

"பெருமாளத் தூக்கும்போதுவே!"

மூவரும் யோசித்தார்கள். புறாக்களும் சும்மா இருந்தன.

"தண்டு," என்றார் மாநிதி மெதுவாக.

"அப்பத் தலையணைய எங்க வச்சிருக்கணும்? எங்க வச்சோம்?"

இவ்வளவு நாளும் அதைத் தரையில் போட்டு வீணாக்கியதை நினைத்து நாலு பேரும் தலையணையைத் தூசி தட்டித் தூக்கினார்கள். உடனே வேலையில் இறங்கினார்கள். ஆனால் தண்டு இரண்டு, தலையணை ஒன்று. ஒரு தண்டில் கட்டினால் அந்தப் பக்கம் உயர்ந்துவிடும். இரண்டாக வெட்டினார்கள். முன்னால் கட்டினால் பின்பக்கம் தாழும், பின்னால் கட்டினால் முன்பக்கம். மறுபடியும் வெட்டினார்கள். சுந்தரவல்லி அருவாமனையைப் பிடுங்குவதற்குள் நாலு தலையணை ஆகிவிட்டது. வாய்ப்பக்கத்தை அவளே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் பெருமாள் புறப்பட்டார். நாலு தண்டு முனையிலும் நாலு தலையணை. மேலக்கரை ஆட்கள் நாலு பேர் தோளில் துண்டோடு கூடவே நடந்தார்கள். கூட்டம் பெருமாளைப் பார்க்கவில்லை, பெருமாளின் கிரீடம் சாய்கிறதா என்றுதான் பார்த்தது.

நாலு பேரும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். சுவாமி புறப்பாடு வலம் வருவதுதானே. கோயிலை விட்டு வந்ததும் வலப்பக்கம் திரும்பவேண்டும். வீதி முனையில் வலப்பக்கம். அடுத்த முனையிலும் வலப்பக்கம். முழு வழியிலும் இடப்பக்கம் பார்க்கவேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. தர்மகர்த்தா இதை அப்போதுதான் கவனித்தார்.

தெற்கு வீதி பாதி போனபோது பொலிந்துநின்றானிடமிருந்து ஒரு குறட்டை வந்தது. தலை தலையணையில் சாய்ந்திருந்தது. கால் நடந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி," என்றான் பின்னாலிருந்து குழைக்காதன். "பொலிந்து தூங்கிட்டான்."

"எழுப்பிராதவே. தூக்கம்தான் மருந்துன்னாவல்லா டாக்டரம்மா."

"அவன் மட்டும் தூங்கினா சாஞ்சிராதா?"

மாநிதி பத்தடி தூரம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தோள் மாற்றச் சொல்கிற அதே குரலில், "தூங்கு!" என்றார்.

மூன்று தலையும் ஒரே அசைவில் சாய்ந்தன.

அதற்குப் பிறகு பெருமாள் போன போக்கை நெடுங்கரையில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். விழித்து நடக்கும்போது மனிதனுக்கு ஆயிரம் யோசனை, கால் அங்கே இங்கே இடறும். தூங்குகிறவனுக்கு என்ன? நாலு காலும் ஒன்றாக விழுந்தன. மாலை ஆடவில்லை, குஞ்சம் ஆடவில்லை. கூட வந்த பட்டர் கையிலிருந்த தீபத்தின் சுடர் ஆடியது, பெருமாள் ஆடவில்லை. நாதஸ்வரக்காரர் நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுத் தாலாட்டு ராகமான நீலாம்பரிக்கு மாறினார். தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு விரலால் தட்டினார்.

கோயில் வாசல் வந்தது. நில் என்று குரல் கொடுக்கவேண்டியவர் மாநிதி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பல்லக்கு வாசலைத் தாண்டி மறுபடியும் தெற்கு வீதியை நோக்கிப் போனது.

"போறாவளே! போறாவளே!" என்று ஓடினார் தர்மகர்த்தா. பட்டர் அவர் கையைப் பிடித்தார்.

"சத்தம் போடாதேயும். எழுப்பினா சாஞ்சுடும்."

தர்மகர்த்தா மேலக்கரை ஆட்களின் தலைவரிடம் வந்தார். "நீங்க போய்த் தோள் குடுங்கவே."

தலைவர், போகிற பல்லக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இவ்வளவு சமமா எங்களுக்குத் தூக்கத் தெரியாது அண்ணாச்சி. நாங்க முழிச்சுக்கிட்டுல்லா தூக்குவோம்."

"அப்ப நீங்க ஊருக்குப் போங்க."

"போறோம். அந்தத் தலையணை எந்தக் கடைல வாங்கினதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பெருமாள் இரண்டாவது சுற்று முடித்து மூன்றாவது சுற்றில் இருந்தார். ஒருமுறை கற்பூரம் காட்டியவர்கள் மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தர்மகர்த்தா கோயில் படியில் உட்கார்ந்து, அடுத்த வருஷமும் இவர்கள்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்கு வீதியில் தன் வீட்டு வாசலில் சுந்தரவல்லி நின்றாள். வீடு வீதியின் வலப்பக்கம். பல்லக்கு அருகே வந்தபோது பொலிந்துநின்றான் முகம் அவளைப் பார்த்தபடி இருந்தது. கண் மூடியிருந்தது. சுளிப்பு இல்லை. காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது.

அவள் உள்ளே போய்ப் போர்வையை எடுத்து வந்தாள். பல்லக்கோடு கூடவே நடந்து, தலையணையிலிருந்து தலை நகராதபடி அவன் தோள்வரைக்கும் இழுத்துப் போர்த்தி, ஓரத்தை இடுப்பில் செருகிவிட்டாள். மற்ற மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு இன்னும் மூன்று போர்வை எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.